அட்டை மூடிய கிளாஸ்

ஜானிஸ் தம்பியைக் காரிலிருந்து இறக்கி, வாக்கரைக் கையில் கொடுத்தாள். டெரி நாலு எட்டு வைத்தான். நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான்.

“இந்தச் சுவத்தோரமா எத்தன வாட்டி வாந்தி எடுத்திருப்பேன். இப்ப இதுக்கே சாவி குடுத்திருக்காங்க பாரேன்.”

“பேசாம நட. ஈரமா இருக்கு.”

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரின் விளிம்பில் இருந்த அந்தக் குடியிருப்பில் ஒரு காலத்தில் நான்கு பப்கள் இருந்தன. நான்குக்கும் பறவைப் பெயர். கர்லூ எரிந்துபோனது. பிளவர் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். லாப்விங்கை இடித்துவிட்டுப் புல் போட்டார்கள். அந்தப் புல்லில் யாரும் உட்காருவதில்லை. தட்டைக் கூரை போட்ட ஹெரான் மட்டும் தப்பியது. உள்ளே தடுப்புச் சுவர்கள் எழுப்பி, முடியாதவர்களுக்கென்று ஆறு வீடுகளாக்கியிருந்தார்கள். பக்கவாதத்தில் இடது கால் விழுந்துபோன டெரிக்குத் தரைத்தளத்தில் முதல் வீடு கிடைத்தது.

ஒரே அறை. புதுப் பெயின்ட் வாசனை. ஜன்னலருகே ஒரு செங்கல் தூண். தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர். சாமான் இறக்கிய ஆட்கள் சாய்வு நாற்காலியை அங்கேதான் போட்டிருந்தார்கள். வேறு இடமும் இல்லை.

ஜானிஸ் தூணைப் பார்த்தாள். டெரியும் பார்த்தான்.

பப் இருந்த காலத்தில் அது கிழவர் ரெஜ்ஜின் மூலை.

ஜானிஸுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். உருளைக்கிழங்கு போர்த்திய கொத்துக்கறியைச் சுடவைத்து, அதில் வெப்பமானியின் ஊசியைக் குத்தி எண்ணைப் பார்ப்பாள். முப்பது வருடப் பழக்கம். அந்த வெப்பமானி எப்போதும் அவள் கோட்டுப் பையில் இருக்கும்.

“எனக்கும் ஒரு குத்து குத்திப் பாரு,” என்பான் டெரி. “வெந்துட்டேனான்னு தெரியட்டும்.”

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. நாற்காலிக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் டெரியின் தண்ணீர் கிளாஸ் இருந்தது. அதன் வாயை ஓர் அட்டை மூடியிருந்தது. கிளாஸுக்கு அடியில் வைக்கிற சதுர அட்டை. பச்சை நிறத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை.

ஹெரானின் அட்டை. பப் மூடியே பதினாறு வருடமாகிறது.

“எங்கடா புடிச்ச இத?”

“நான் எங்க போயி புடிக்கிறது? கக்கூஸுக்குப் போயிட்டு வந்தேன், இருந்துது.”

கிளாஸ் மேல் அட்டை இருந்தால் என்ன அர்த்தமென்று அந்தக் குடியிருப்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வெளியே போயிருக்கிறேன், திரும்பி வருவேன், என் இடத்தில் யாரும் உட்காராதே. பியர் ஊற்றும் பெண் அதைத் தொடக் கூடாது.

ஜானிஸ் அட்டையைக் குப்பையில் போட்டாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் வந்தபோது டெரி தரையில் கிடந்தான். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. மேசையில் கிளாஸ். அதன் மேல் இன்னொரு அட்டை.

“விழல,” என்றான் கிசுகிசுப்பாக. “எந்திரின்னாரு. அக்குள்ள கை குடுத்துத் தூக்கி விட்டாரு. பதமாத்தான் தூக்கினாரு. நிக்கத்தான் முடியல எனக்கு.”

யார் என்று அவள் கேட்கவில்லை.

தையல் போட்ட டாக்டர் ஜானிஸைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “இன்னொரு தடவ தலையில அடிபட்டா தாங்க மாட்டார்மா.”

வீடு திரும்பும் வழியில் அவள் கெஞ்சினாள். “என் வீட்டுக்கு வந்துடு.”

“உன் பதினாலு படி ஏறவா? இடுப்புல தூக்கி வச்சுக்கிறியா?” டெரி கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “நாலு பப்பும் போனப்புறம், இது என் இடம்னு என்கிட்ட சண்டைக்கு வந்த மொத ஆளு அவருதான், ஜானிஸ்.”

நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நவம்பர். ஜானிஸ் ஹெரானில் பியர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டெரிக்குப் பத்தொன்பது வயது. ரெஜ் டன்க்லி ஆறு மணிக்குத் தன் கறுத்த பியரின் மேல் அட்டையை வைத்துவிட்டு, வீட்டிலிருக்கும் நாயை அவிழ்த்துவிடச் சுற்றுச்சாலையைத் தாண்டிப் போவார். பத்தே நிமிடம். அன்று மூடுபனி, பப்பில் வேறு யாருமில்லை. இந்தப் பனியில் கிழவன் வர மாட்டான், அந்தக் கதகதப்பான இடத்தைக் கொடு என்று டெரி நச்சரித்தான். அவள் அட்டையை எடுத்தாள். முக்கால் கிளாஸ் பியரைத் தொட்டியில் ஊற்றினாள்.

ரெஜ் வந்தார். தன் இடத்தில் டெரியைப் பார்த்தார். தொட்டியில் நுரையைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

சுற்றுச்சாலையில் லாரி. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று.

அவர் ஒருமுறை திரும்பி வந்தார் என்பது இவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை ஜானிஸ் ஒரு புட்டி கறுத்த பியர் வாங்கி வந்தாள். மணி நாலுதான் ஆகியிருந்தது. அதற்குள் ஜன்னல் இருண்டுவிட்டது. வெளியே பனி தெருவிளக்கின் கழுத்துவரை ஏறியிருந்தது. தம்பியைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். சாய்வு நாற்காலியைக் காலியாக விட்டாள். பியரை நிதானமாக, நுரை வழியாமல் ஊற்றினாள். இரண்டாவது அட்டையை எடுத்து வைத்திருந்தாள். அதைக் கிளாஸின் மேல் வைத்துவிட்டுத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ரேடியேட்டர் மெல்ல டிக் டிக்கென்றது.

ஆறு மணிக்கு அந்தச் சத்தம் நின்றது.

பிறகு கதவுச் சத்தம். அந்த வீட்டின் கதவு புதுசு, ஓசையே வராது. இது பழைய பப்பின் தள்ளுகதவு. ஒரு முனகல். இரண்டு இடி.

நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை வந்தது. அதற்கும் அடியில் நாயின் வாடை.

ஜானிஸ் மூலையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வெப்பமானியைப் பார்த்தாள்.

பதினெட்டு.

பதினாலு.

நாற்காலி மெத்தை காற்றை விட்டு அமுங்கியது.

ஒன்பது.

“ரெஜ்,” என்றான் டெரி. அவன் குரல் பத்தொன்பது வயதுப் பையனின் குரல்போல இருந்தது. “அன்னிக்கு நான்தான் கேட்டேன். இவ மாட்டேன்னுதான் சொன்னா. இவ மேல தப்பில்ல.”

“டெரி, சும்மா இரு.”

“நான் உக்காந்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க.”

யாரோ நீளமாக விழுங்கும் சத்தம்.

ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

அவள் எத்தனை நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. பதினாலு என்று மாறியபோது அவள் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கிளாஸ் காலி. பக்கங்களில் நுரைக்கோடு. அட்டை கிளாஸுக்கு அடியில் இருந்தது.

குடித்து முடித்தாயிற்று என்று அர்த்தம். இப்போது எடுக்கலாம்.

“போயிட்டாரு,” என்றாள்.

டெரி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். பல மாதங்களாக அவன் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு. “நாளைக்கு ரெண்டு புட்டியா வாங்கிட்டு வாயேன்.”

“மாத்திரை முழுங்குறவனுக்கு பியர் ஒரு கேடா? டீ குடி, போதும்.”

அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கிளாஸைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு வந்து, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். டெரியின் சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. வாக்கர் கட்டிலருகே நின்றது. அவனுடைய இரண்டு ஷூக்களும் அதன் கீழே இருந்தன. ஜன்னல்கள் உள்பக்கம் தாழிட்டிருந்தன.

டெரி இல்லை.

வாக்கர் இல்லாமல் அவனால் ஓர் அடி வைக்க முடியாது.

சாய்வு நாற்காலியின் பக்கத்து மேசையில் அவனுடைய டீக் கோப்பை இருந்தது. அதன் மேல் நாரை போட்ட அட்டை.

அவள் கை தானாகக் கோப்பையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தினாள். அட்டையை ஒரு விரலளவு மட்டும் தூக்கி, ஊசியை உள்ளே விட்டாள்.

எழுபத்தொன்று.

போலீஸ் வந்தது. சுற்றுச்சாலையோரப் பள்ளங்களில் நாய்களை விட்டுத் தேடினார்கள். திங்கட்கிழமை ஜானிஸ் வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு மறுபடி ஊசியை விட்டாள்.

எழுபத்தொன்று.

செவ்வாயன்று ஓர் இளம் பெண் போலீஸ் மட்டும் வந்தாள். தேடுதலைக் குறைக்கப்போகிறார்கள் என்பதைச் சொல்ல வந்தவள். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கைக்கு ஏதாவது வேலை தேடியவள்போலக் கோப்பையிடம் போனாள்.

“நீங்க உக்காருங்கம்மா. இத நான் கழுவி வக்கிறேன்.”

“தொடாதீங்க.”

அதற்குள் அவள் விரல் பட்டுவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். “ஸ்ஸ்... இப்பத்தான் டீ போட்டீங்களா?”

மூன்று நாளாகக் கெட்டிலில் தண்ணீர் இல்லை. ஜானிஸ் விலகியிருந்த அட்டையை நேராக வைத்தாள். சாய்வு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரெஜ்ஜுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று.

தான் உட்காரவில்லை. நின்றபடியே காத்திருந்தாள்.