குளக்கரையில் வாசித்த பெயர்கள்

பூங்காவுக்குள் நுழைந்ததும் காந்திமதியம்மாளுக்கு முதலில் உறைத்தது, ரேடியோ பாடவில்லை என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பஞ்சாயத்து போர்டு ரேடியோவின் பாட்டு, கம்பத்து உச்சியில் கட்டிய குழாய் வழியாக இரண்டு தெரு தாண்டிக் கேட்கும். இன்று அந்தக் குழாய் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தது. ஆனாலும் புல்தரையில் முப்பது நாற்பது பேர் குளத்தைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவர் ஞானசம்பந்தம் தாலுகா ஆபீஸில் கிளார்க். அம்பாசமுத்திரத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஊரில் தெரிந்த மனிதர்கள் இல்லை, பிள்ளையும் இல்லை. காய்ந்து கிடக்கும் சங்கரன்கோவிலில் குளத்துக் காற்று வாங்குகிற இந்த ஒரு மணி நேரத்துக்காகவே இருவரும் வாரம் முழுக்கக் காத்திருப்பார்கள். நாலு சிமெண்டு பெஞ்சு, அரளிச்செடி வரிசை, தண்ணீருக்குள் இறங்கும் கற்படிகள், வறுகடலை வாசனை. இன்று கடலை வாசனையும் இல்லை. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போல ஒரு சேற்று வாடை மட்டும் காற்றே இல்லாமல் வந்து மூக்கில் ஒட்டியது.

"என்னங்க, ரேடியோவுக்கு என்ன வந்துச்சு?"

"என்ன வந்துச்சு? நல்லாத்தானே கேக்கு." ஞானசம்பந்தம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"எனக்குக் கேக்கலியே. என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல. பேரு வாசிக்காவ."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். தலைப்பாகை கட்டிய, நல்ல உயரமான மனிதர். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படிக்குப் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கால் கழுவப் போகிறார் என்றுதான் நினைத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. அப்புறம் தண்ணீர் மட்டும் இருந்தது, ஒரு அலைகூட எழும்பாமல். யாரும் அசையவில்லை.

அவள் வாசல் குடிசைக்கு ஓடினாள். காவல்காரர் உச்சிமாகாளி குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, அங்கன ஒருத்தர் தண்ணிக்குள்ள போயிட்டாரு."

அவர் எழவில்லை. உள்ளே இருந்த வெறும் பலகையைக் காட்டினார். "ரேடியோப் பெட்டி ரிப்பேருக்குத் திருநவேலி போயி நாலு நாளாச்சு, தாயி."

"பின்ன இவங்க எதைக் கேக்காங்க?"

"தெரியல. மொத நாளு ரெண்டு பேரை இழுத்துப் பாத்தேன். அதுல ஒருத்தன் எம் மவன். அசைக்க முடியல. போலீசுல போய்ச் சொன்னேன், ஏட்டையா விசாரிக்க வந்தாரு." அவர் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். "மூணாவது வரிசையில இருக்காரு பாரு. எனக்கு இன்னும் கேக்கல. உனக்கும் கேக்கலேன்னா வீட்டுக்குப் போயிரு."

"எங்க வீட்டுக்காரரு உக்காந்திருக்காரே."

உச்சிமாகாளி வெறும் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது வெயில் சிவந்துவிட்டது. பாதிப் புல்தரை காலி. படியோரம் செருப்புகள் ஜோடி ஜோடியாக இருந்தன. மூன்றாவது வரிசையில் யாருமே இல்லை.

கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். கை சில்லிட்டிருந்தது. கல்தூணை இழுப்பது போலிருந்தது.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்."

"சும்மா இருட்டி. அடுத்தது நம்ம வீட்டுப் பேருதான்."

அவர் முன்னால் மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கையாலும் அவர் காதுகளை இறுக்கிப் பொத்தினாள். பொத்திக்கொண்டே இருந்தாள். தோள் கடுத்தது. மெல்ல, மிக மெல்ல, அவர் கண்ணுக்குள் ஆள் வந்தது.

"காந்தி," என்றார். "என்னட்டி இது? ஏன் அழுத?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காதைப் பொத்தியபடியே அவரை எழுப்பினாள். வாசலைப் பார்த்து ஓர் அடி. இன்னோர் அடி.

அப்போது கேட்டது.

சத்தமாக இல்லை. ஒரு பெண் குரல். நிதானமான, மரியாதையான குரல். முதலில் அவள் அப்பா பெயர். பிறகு அவள் பெயர்.

கை தளர்ந்தது. அவள் தளர்த்தவில்லை. தானாகத் தளர்ந்தது.

ஞானசம்பந்தம் மறுபடி புல்லில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்துக்கொண்டார். அவள் போவதை அவர் பார்க்கவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கால் மட்டும் நடந்தது.

கல். ஈரக் கல். தண்ணீர்.

வெதுவெதுப்பாக இருந்தது. கணுக்கால். முழங்கால்.

குனிந்து பார்த்தாள். கலங்காத பச்சைத் தண்ணீருக்கு அடியில் படிகள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடி மிதந்தது. கண்கள் திறந்திருந்தன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

அவர்களில் ஒரு பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.