ஒன்பதாம் இடத்துப் பழி

காலைக் காபியை உறிஞ்சியபடியே, முந்தைய இரவு தாம் அடிவாங்கி விழுந்த செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார் இசக்கிப்பாண்டி. அவருக்கு வயது அறுபதாகிறது. அந்த இரவு முழுவதும் அவர் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. நிம்மதியாகக் குறட்டைவிட்டுத் தூங்கியிருந்தார்.

"இன்னைக்கும் தோத்தாச்சா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் மனைவி பேச்சிக்கனி.

"ஏழாம் சுத்துல. தாடையில வாங்கியிருக்கேன்."

"அப்ப தோசை மெல்ல முடியுமா, கஞ்சி வைக்கட்டுமா?"

நிலவில் தூத்துக்குடிக்காரர்கள் குடியேறிய புதுக்கொற்கையில் இத்தகைய உரையாடல் எந்த வீட்டிலும் வியப்பை உண்டாக்குவதில்லை. சதையும் எலும்பும் மோதிக்கொள்ளும் குத்துச்சண்டையை அவ்வூர் மருத்துவக் கழகம் எப்போதோ தடைசெய்துவிட்டது. அதற்கு முன்பு வளையத்தில் இறங்கிய ஒவ்வொரு வீரனின் தோளுக்குள்ளும் தசைச்சுவடி என்றொரு சில்லு பதிக்கப்பட்டிருந்தது. அவன் விட்ட குத்து, வாங்கிய குத்து, தயங்கிய கணம் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. அந்தப் பதிவிலிருந்து ஒளியால் வார்க்கப்பட்ட உருவத்துக்கு நிழலர் என்று பெயர். நிழலர்களுக்கு மூப்பில்லை. பெரும்பாலும் உரியவர்கள் உறங்கும்போது அவர்கள் மோதினார்கள். விடிந்ததும் தரக்கணி என்னும் பொறி, கனஎடை வீரர்களின் தரவரிசையைப் புதிதாக வெளியிட்டது. நிலவின் ஈர்ப்பில் கனஎடை வீரனும் பள்ளிப் பிள்ளையின் எடையே இருப்பான். ஆயினும் பிரிவின் பெயரை மாற்ற ஒருவரும் முன்வரவில்லை. பட்டங்களைப் பொறுத்தவரை மனிதர்கள் எந்தக் கோளிலும் ஒரே மாதிரியானவர்கள்தாம்.

இசக்கிப்பாண்டியின் இடம் ஒன்பது. நிழலர் வென்றாலும் தோற்றாலும் அது பெரிதாக அசைவதில்லை. முதல் இடத்தில் ரொசாரியோ மச்சாது இருந்தார். இசக்கிப்பாண்டி அவரை முப்பது ஆண்டுகளாக வெறுத்துவந்தார்.

காரணம் எளியது. இருவரும் இளைஞர்களாக இருந்தபோது மூன்று முறை அவர்களுக்குள் போட்டி அறிவிக்கப்பட்டது. முதல் முறை மச்சாதுவுக்குத் தோள்வலி. இரண்டாம் முறை தங்கையின் திருமணம். மூன்றாம் முறை காரணமே இல்லை, அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் ஊர் முழுவதும் ஒலிபரப்பானது: "இசக்கியா? அவரு இதுவரைக்கும் யாரை அடிச்சாரு?"

ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு இசக்கிப்பாண்டியின் காதுக்குள் குடியேறி, வாடகை கொடுக்காமல் அங்கேயே தங்கிவிட்டது. அவர் மச்சாதுவின் பழைய போட்டிகளைத் தேடித் தேடிப் பார்த்தார். இடது கையை வீசுவதற்குச் சற்று முன்பு மச்சாதுவின் வலது குதிகால் மயிரிழை அளவு எழும்பும் என்பதைக் கண்டுபிடித்தார். காதலிப்பவன்கூட ஒருத்தியின் நடையை அவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க மாட்டான். நிழலருக்கு உரியவர் பாடம் கற்பிக்கலாம் என்பது விதி. தாம் கண்டதையெல்லாம் தம் நிழலருக்குக் கற்பித்தார். தடை ஒன்றே ஒன்றுதான்: இரு நிழலர்கள் மோத இருவரின் கைரேகையும் வேண்டும். மச்சாது ஒருநாளும் கைரேகை வைத்ததில்லை.

ஒரு நாள் முற்பகல், இசக்கிப்பாண்டி நேராக மச்சாதுவின் அடுமனைக்குப் போனார். ஓய்வுபெற்ற மச்சாது அங்கே முந்திரியில் செய்யும் மக்ரூன் இனிப்பு விற்றுவந்தார். பூமியில் கூம்பாக அமர்ந்திருக்கும் மக்ரூன், நிலவின் இளைத்த ஈர்ப்பில் கோபுரமாக நிமிர்ந்து நிற்கும். கடையில் கூட்டம் இருந்தது. அதுவே இசக்கிப்பாண்டிக்கு வேண்டியதாகவும் இருந்தது.

"வாரும் வே, இசக்கி. கால் கிலோ போடட்டுமா?"

"உம்ம நிழலைப் போடும் வே. தோள்வலி இப்பவாவது தேவலையா, இன்னும் எண்ணெய் தடவுதீரா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இம்முறை சிரிப்பு தம் பக்கம் நின்றதை இசக்கிப்பாண்டி உணர்ந்தார்.

மச்சாது முட்டை வெள்ளைக்கரு படிந்த கையை மெதுவாகத் துடைத்தார். "ஒன்பதுல நல்லாத்தானே வே இருக்கீரு. எதுக்கு இந்த வம்பு?"

"ஓடுனவன் ஒண்ணு, அடிக்க வந்தவன் ஒன்பது. இது எந்த ஊரு நியாயம்?"

"யோசிச்சுக்கிடும். நான் விழுந்தா தனியா விழமாட்டேன்."

"பயமா இருக்கா?"

"பயந்தான்," என்றார் மச்சாது அமைதியாக. பிறகு கடைப் பாக்கி எழுதும் பலகையை ஒதுக்கிவிட்டு, இசக்கிப்பாண்டி நீட்டிய ஒப்புதல் தகட்டில் கட்டைவிரலை அழுத்தினார்.

அந்தப் போட்டியைக் காண ஊர் திரண்டது. முன்வரிசையில் புதுச் சட்டையோடு இசக்கிப்பாண்டி, அருகில் பேச்சிக்கனி. மணி அடித்தது. இரு நிழலர்களும் இருபத்தெட்டு வயதுத் திமிரோடு வளையத்தைச் சுற்றினார்கள். மச்சாதுவின் வலது குதிகால் மயிரிழை அளவு எழும்பியது. அவ்வளவுதான். இசக்கியின் வலது முஷ்டி, முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. நிலவின் ஈர்ப்புக்கேற்ப மச்சாதுவின் நிழலர் மெல்ல, மிக மெல்லப் பின்னோக்கிச் சாய்ந்து விழுந்தார். முதல் சுற்று, ஒரே குத்து.

அரங்கம் அதிர்ந்தது. இசக்கிப்பாண்டி எழுந்து நின்று, எதிர்வரிசையில் இருந்த மச்சாதுவை நோக்கி உரக்கக் கேட்டார்: "இப்ப சொல்லும் வே, நான் யாரை அடிச்சேன்?"

மச்சாது மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் காபியைக்கூடத் தொடாமல் இசக்கிப்பாண்டி கூவினார்: "ஏட்டி, பட்டியல் வந்துட்டா? எனக்கு நேரா ஒண்ணு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு," என்றாள் பேச்சிக்கனி, திரையைக் கண்ணருகே வைத்துக்கொண்டு. "பக்கத்துல ஒரு ஒன்பதும் போட்டிருக்கு."

பத்தொன்பது! கணக்கில் பிழை என்று கொதித்து, அவர் தரக்கணியின் அலுவலகத்துக்கு விரைந்தார். பொறி தன் வழக்கமான பணிவோடு விளக்கியது.

"ஐயா, முதலாமவரை வீழ்த்துபவர் முதலாமவர் ஆவார். ஆனால் மச்சாது முதல் சுற்றிலேயே விழக்கூடியவர் என்பது நேற்று மெய்ப்பட்டுவிட்டது. அப்படிப்பட்டவர் முதலாமவராக இருந்திருக்க முடியாது. அவர் இப்போது இருபத்தாறாம் இடத்தில் இருக்கிறார். இருபத்தாறாமவரை வென்றதற்கு உரிய மதிப்பு தங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது."

"அதுக்காக ஒன்பதுல இருந்தவனைக் கீழே தள்ளுவியா?"

"தாங்கள் இளமையில் வென்ற நால்வரின் பெருமை என்ன? மச்சாதுவிடம் பத்துச் சுற்றுகள் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான். ஒரே குத்தில் விழுபவரிடம் பத்துச் சுற்று நிற்பது பெருமை ஆகாது. அவர்கள் சரிந்தார்கள். அவர்களை வென்ற தாங்களும் சரிந்தீர்கள்."

"அப்ப ஒண்ணாம் இடத்துல யாரு?"

"வேம்பாறு சிலுவைப்பிச்சை. ஒரே ஒரு போட்டிக்குச் சென்றார். எதிராளி வரவில்லை. தோல்வியே காணாதவர்."

தரக்கணியை மாற்ற ஒரு வழி இருந்தது. வளையத்தில் நின்ற வீரர்கள் தம்மைப் பற்றியோ மற்றொரு வீரரைப் பற்றியோ பொதுத்திரையில் சான்று கூறலாம். அதை மக்கள் ஏற்றால் கணக்கு திருத்தப்படும். வேறு வழியின்றி இசக்கிப்பாண்டி பொதுத்திரையில் தோன்றினார். மச்சாதுவைப் புகழ்ந்தார். அந்த இடது கையின் வேகத்தை, பின்வாங்கும்போதும் குலையாத கால்வரிசையை, மூச்சை அடக்கிவைக்கும் நுட்பத்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். முப்பது ஆண்டு வெறுப்பில் அவர் கவனித்ததெல்லாம் இப்போது பாராட்டாகப் பொழிந்தது. "அப்படி ஒரு ஆளு இனி பொறக்கப் போறதில்ல," என்று முடித்தபோது, தம் இடம் என்னவாகுமோ என்ற கவலையில் அவர் குரல் தழுதழுத்தது. ஊரார் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். மறுநாள் மச்சாது பதினைந்துக்கு ஏறினார், இசக்கிப்பாண்டி பதினொன்றுக்கு.

அதற்கடுத்த நாள் மச்சாது திரையில் தோன்றினார். "இசக்கி அண்ணாச்சி பெரிய மனசுக்காரரு. அதான் அப்படிச் சொல்லுதாரு. நான் ரொம்பச் சாதாரண ஆளு. என் இடது கை வெறும் பூச்சாண்டி. என்னை யாரும் அடிச்சிருக்கலாம். இதுல பெருமைப்பட என்ன இருக்கு?" என்று கைகூப்பினார். இருவரும் சேர்ந்து சரிந்தனர். இசக்கிப்பாண்டி மீண்டும் பத்தொன்பது.

அவர் பற்களை நறநறவென்று கடித்தபடி அடுமனைக்கு ஓடினார்.

"ஏன் வே இப்படி உம்ம பேரை நீரே நாசம் பண்ணுதீரு? மானம் ரோசம் இல்லையா? நீரு பெரிய வீரன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

மச்சாது மக்ரூன்களை நிதானமாகத் தட்டில் அடுக்கினார். "நீரு என்னை அடிப்பீருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் வே. அடிச்சா ரெண்டு பேரும் காலிங்கறதும் தெரியும். அதான் ஒதுங்கியே இருந்தேன். கடையில வச்சு, ஊரு சிரிக்க, தோள்வலின்னு கேட்டீரே... சரி, நாமளும் ஒரு குத்து விட்டுப் பாப்பமேன்னு தோணிச்சு."

"அப்ப இன்னைக்கு சாயங்காலம் திரைக்கு வந்து உம்ம வாயால சொல்லும், 'நான் பெரிய ஆளு'ன்னு!"

"எப்படிச் சொல்ல?" என்றார் மச்சாது, மிகுந்த வருத்தத்தோடு. "பத்தொம்பதாவது ஆளுகிட்ட தோத்தவன் எப்படி வே பெரிய ஆளா இருப்பான்?"

அன்று தொடங்கிய போர் அவர்கள் ஆயுள் உள்ளவரை நீடித்தது. ஒருவர் எதிரியை வானளாவப் புகழ்ந்தார். மற்றவர் தம்மைத் தாமே மண்ணோடு மண்ணாகத் தாழ்த்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் பழிதீர்க்கவே ஏவப்பட்டது. கையுறை அணிந்தறியாத ஊர் மக்களோ உருகிப்போனார்கள். பேச்சிக்கனி ஒருத்திக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இருவரும் மறைந்தபின் புதுக்கொற்கைக் கல்விக் கழகம் நீதிப் பாடநூலில் அவர்களைச் சேர்த்தது. இடப்பக்கத்தில், பகைவனையும் போற்றிய பெருந்தன்மையாளர் இசக்கிப்பாண்டி. வலப்பக்கத்தில், அடக்கத்தின் திருவுருவம் மச்சாது. முஷ்டியை உயர்த்தி நிற்கும் இருவரின் படங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி அச்சிடப்பட்டுள்ளன. மாலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் புத்தகத்தைப் படாரென்று மூடுகிறார்கள். அப்போது இரண்டு பேரும் முகத்தோடு முகம் மோதிக்கொள்கிறார்கள். யார் வென்றார் என்று பார்க்க, எந்தப் பிள்ளையும் இதுவரை புத்தகத்தைத் திறந்ததில்லை.