அண்ணி நிறுத்திய ஓட்டம்

மூன்றாவது நாளாகச் சின்னவன் அண்ணி வைத்த தட்டைத் தொடாமல் எழுந்தான். "அம்மா, எனக்குப் பசிக்கல" என்று சமையலறைக்குக் கேட்கும்படி சொன்னான். அண்ணிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போது அம்மா வழியாகத்தான் சொல்கிறான்.

மாமியார் சும்மா இருப்பாளா? பிள்ளையின் கனவில் மண்ணை அள்ளிப் போட்ட பிறகு அவனுக்குச் சோறு எப்படி இறங்கும் என்று பாத்திரங்களிடம் கேட்டாள். பாத்திரங்கள் என்ன செய்தன, பாவம்! மருமகள் அவன் தொடாத தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

அவள் செய்த குற்றம் ஒரே ஒரு போன். சின்னவன் ஓட்டக்காரன். போன ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு இருந்தது. பள்ளி நாளிலிருந்து விடியற்காலையில் அவனை எழுப்பி மைதானத்துக்கு அனுப்பியவள் அவள்தான். அதற்காகவே தையல் கம்பெனியில் தேடி வந்த சூப்பர்வைசர் வேலையை, காலை ஷிப்ட் ஒத்துவராது என்று மறுத்தவள். அப்படிப்பட்டவள்தான் கோச்சைக் கூப்பிட்டு, டாக்டர் பார்க்காமல் இவனை ஓட விடாதீர்கள் என்றாள். கோச் அவன் பெயரை அடித்துவிட்டார்.

இரண்டு வாரம் முன்பு வீடு முழுக்கக் காய்ச்சல், இருமல். எல்லோரும் தேறினார்கள். சின்னவனுக்கு மட்டும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டான். கட்டிலில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்கினான்; மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியதாம். சாக்ஸைக் கழற்றினால் வீங்கிய கணுக்காலில் பள்ளம் விழுந்திருந்தது. அண்ணி டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாள். காய்ச்சல் விட்ட அசதி என்று எரிந்து விழுந்தான்.

போன் விஷயம் தெரிந்த அன்று மாமியார் கேட்டாள்: "பெத்தவளா இருந்தா இப்படிச் செய்வாளா?"

பிள்ளையில்லாதவளிடம் கேட்கிற கேள்வியா அது...

தினமும் இதே கூத்தைப் பார்த்துப் பார்த்து மூத்தவனுக்கு இன்று பொறுமை போய்விட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரிடமே எழுதி வாங்கி வருவோம், இவள் வாயும் அடையும் என்று தம்பியை இழுத்துக்கொண்டு கிளம்பினான். கையெழுத்து வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன்தான் வந்தது. மாமியாரும் மருமகளும் அங்கே ஓடினார்கள்.

வைரஸ் காய்ச்சலின்போது இதயத் தசையும் வீங்கியிருக்கிறது, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அதையே சொல்கின்றன என்றார் டாக்டரம்மா. மருந்தும் ஓய்வும் இருந்தால் பெரும்பாலும் தேறிவிடலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஓட்டம் என்ற பேச்சே கூடாது. அதன் பிறகும் பரிசோதித்துப் பார்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூத்தவன் மெதுவாகக் கேட்டான்.

"ஓடுறப்பவே இதயம் தாறுமாறாத் துடிச்சு நின்னுபோயிருக்கலாம். யாரோ நல்ல நேரத்துல நிறுத்தியிருக்காங்க."

மூத்தவன் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

கட்டிலில் சாய்ந்திருந்த சின்னவன் அண்ணியின் கையைப் பற்றினான். கண் நிறைந்திருந்தது. "அண்ணி... மூணு நாளா உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசல..."

"பேசினா மூச்சு வாங்கும். இப்பவும் பேசாத" என்றாள்.

நோயாளிக்குத் துணையாக ஒருவர் மட்டுமே இருக்கலாம் என்றாள் நர்ஸ். மாமியார் தன் மாற்றுப் புடவைப் பையைக் கட்டிலுக்கடியில் ஏற்கெனவே வைத்திருந்தாள். மருமகள் வாசல் பக்கம் நகர்ந்தாள்.

மாமியார் குனிந்து அந்தப் பையை வெளியே எடுத்தாள்.

"எங்க போற? நீதான் இங்க இருக்கணும்."

"நீங்க இருங்க அத்தை. நீங்கதானே அவனுக்கு..."

"பெத்தவளா இருந்தா செய்வாளான்னு கேட்டேனே... பெத்தவ நான் செய்யலியே!"

மாமியார் மருமகளின் தோளில் முகம் புதைத்து விம்மினாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையை மருமகளும் அப்போதுதான் அழுதாள்.