வெந்நீரில் ஊறிய விரல்கள்

"கைய எடுங்க!"

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். கம்பியைப் பிடித்திருந்த ஜோதிலட்சுமியின் விரல்கள் மேல் ஒரு கை கிடந்தது. ஆலப்பாக்கம் தாண்டியும் கிடந்தது... கைக்குச் சொந்தக்காரனோ ஜன்னலில் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நெஞ்சழுத்தம்!

"ஐயோ... தெரியலீங்க!"

"இம்மாம் பெரிய கைய வெச்சிட்டு, தெரியலியா?"

கண்டக்டரும் சேர்ந்துகொண்டு ஒரு பாட்டம் திட்டினார். அவன் தலை குனிந்தான். அந்தக் கண்கள்... மழைக்கால வானம்போல இருண்டு, கலங்கி... அப்போதுதான் அவன் மணிக்கட்டின் தழும்பைப் பார்த்தாள். சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் நாள் முழுக்க அடுத்தவர் கைகால்களை நீவிவிடும் பிசியோதெரபிஸ்ட் அவள். சட்டென்று புரிந்துவிட்டது.

"நரம்பு அறுந்துடிச்சா?"

"வலை இழுக்கிற கம்பி அறுத்துடிச்சுங்க. ஒட்டிவிட்டாங்க. ஆனா இந்த மூணு வெரல்லயும் உணர்ச்சியே இல்ல."

ஜோதிக்கு வெட்கமாய்ப் போயிற்று. திட்டிய வாயாலேயே, "எங்க கிளினிக்குக்கு வாங்க" என்றாள்.

வந்தான். பெயர் விஜயகுமார், தாழங்குடாக்காரன். வாரம் தவறாமல் வந்தான். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் அவன் விரல் நுனிகளைத் தொடுவாள்.

"தெரியுதா?"

"இல்லீங்க... உங்க கொரலுதான் கேக்குது."

"வெளையாடாதீங்க. தோல்ல பட்டது மூளைக்குப் போய்ச் சேரணும். போற வழி அறுந்து கெடக்கு. நரம்பு, நகம் வளர்றாப்ல மெதுவாத்தான் வளரும்."

"மூளைக்குப் போவாட்டியும் பரவால்லீங்க. வேற எங்கனா போய்ச் சேந்தா சரி..."

சிரிப்பை மறைக்க அவள் திரும்பிக்கொள்வாள். வீடு கீரப்பாளையத்தில். இடுப்பு ஒடியப் போய்ப் படுத்தால், அந்த மூன்று விரல்கள்தான் கண் முன்னால் நிற்கும். இருட்டில் தடவிப் பார்த்தே வலை முடிச்சுப் போட வேண்டிய கை அது. பொங்கலுக்குள் உணர்ச்சி திரும்பாவிட்டால் கடல் தொழிலை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மார்கழியும் வந்துவிட்டது... வாரா வாரம் அதே "இல்லீங்க". அலுத்துப் போனாள் ஜோதி. யார் கையைத் தொட்டு என்ன பிரயோசனம்?

அன்று நல்ல மழை. கரண்ட் இல்லை. பயிற்சிக்கு முன்னால் அவன் கையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். பதறி எழுந்தபோது தண்ணீர் ஆறியிருந்தது.

"எழுப்பக் கூடாதா?"

"அசந்து தூங்குனீங்க. பாவமா இருந்துச்சு."

கையை எடுத்துத் துடைக்கப் போனவள் அப்படியே நின்றாள். ஐந்து விரல் நுனிகளும் சுருங்கியிருந்தன!

"நரம்பு செத்த வெரல் எவ்ளோ நேரம் ஊறுனாலும் சுருங்காது. இது சுருங்கிருக்கு..."

அவன் கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"எப்பலேர்ந்து தெரியுது?"

"...தீவாளிக்கு முன்னாடியே."

"அடப்பாவி மனுஷா! என் வைத்தியந்தான் சரியில்லியோன்னு சோறு எறங்காம கெடந்தேன்யா நான்!" குரல் உடைந்து, பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"சரியாயிடிச்சுன்னா இனிமே வராதேம்பீங்க... அப்புறம் எப்பிடிங்க உங்கள பாக்கறது? நெலம் நீச்சு உள்ள ஊடு உங்களுது. நான் மீன் புடிக்கப் படவுல போறவன். பொண்ணு கேட்டா குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

அவன் மெல்ல எழுந்தான். "அப்ப... நாளைலேர்ந்து தொழிலுக்குப் போறேங்க."

"போங்க. ஞாயித்துக்கெழம மட்டும் போவாதீங்க. எங்கூட்டுக்கு வாங்க. அப்பா ஜாஸ்தியா கத்துவாரு, பொறுத்துக்கங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு உங்கள புடிச்சிருக்கு. அவரு எவ்ளோ கத்துனாலும் நான் உங்க பக்கத்துலதான் நிப்பேன்."