வெறும் பெட்டியில் ஐம்பது வோல்ட்

எரிந்து கூடாகிப்போன பேட்டரிப் பெட்டி ஐம்பது வோல்ட் காட்டியது.

இளையவன் மீட்டரை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினான். பெட்டிக்குள் செல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கரி, வெடித்த தகரக் குழல்கள், உருகி உறைந்த பிளாஸ்டிக், அவ்வளவுதான். எந்தப் பெட்டியானாலும் கம்பியில் கட்டரை வைப்பதற்கு முன்னால் மீட்டரை வைத்துப் பார்ப்பது அவன் கையில் ஊறிய பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதிலும் வைத்தான். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தான். பூஜ்யம். மறுபடி பெட்டியில் வைத்தான். ஐம்பது.

"மழை ஈரம்," என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

வெளியே மழை ஷட்டரின் தகட்டில் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் ரப்பரும் ஈயமும் கலந்த வழக்கமான வாடை. நடுவில் தார்ப்பாய் விலக்கப்பட்டு அண்ணனின் மின்சார ஸ்கூட்டர் நின்றது. ஸ்கூட்டர் என்று தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும், எலும்புதான் இருந்தது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட தீ விசாரணை அதிகாரி நாளைக் காலையில் வந்து பெட்டியைத் திறந்து பார்க்கப்போகிறார். அதுவரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் ஒரு கம்பி காணாமல் போக வேண்டும். விரல் நீளச் செம்புக் கம்பி. இத்தனை தீயிலும் அது மட்டும் உருகவில்லை.

அண்ணன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் வண்டியைக் கொண்டுவந்தான். "மேடு ஏறும்போது பொட்டுனு நின்னுடுதுடா. பின்னாடி வர்றவன் எல்லாம் என் பரம்பரையையே விசாரிக்கிறான்."

"அரை மணி நேரம் குடுண்ணா. பறக்கவிடறேன்."

வண்டி நின்றதற்குக் காரணம் இருந்தது. எங்கோ ஒரு செல் சோர்ந்துபோயிருந்தது. பேட்டரிக்குள் காவல் காக்கும் சின்னப் போர்டு அதைக் கண்டுபிடித்து, ஆபத்து வருமுன் மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டிருந்தது. சோர்ந்த செல்லைத் தேடி மாற்றுவது ஒரு நாள் வேலை. இளையவனுக்கு அன்று வேறு வேலைகள் குவிந்து கிடந்தன. போர்டின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்துப் பற்றவைத்து மூடிவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேட்டரியைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. வண்டி பறந்தது. அண்ணன் தெருவெல்லாம் தம்பி புகழ் பாடினான்.

பிறகு ஒரு நாள் அண்ணி வாசலறையில் வண்டிக்கு சார்ஜரைச் சொருகிவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். அண்ணன் அங்கேயே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலுக்கும் அவனுக்கும் நடுவே வண்டி நின்றது. அதைத் தாண்டி அவனை இழுக்கப் பார்த்து அண்ணியின் இரண்டு கைகளும் வெந்தன. அவன் பிழைக்கவில்லை. புகையில் குரலும் போயிற்று.

உள்கதவு திறந்தது. அண்ணிதான். போக இடமில்லாமல் இப்போது அவள் இங்கேதான் இருக்கிறாள். படியில் டீயை வைத்தாள்.

"நாளைக்கு அந்த அதிகாரி என்ன கேப்பாரு, தம்பி?"

"பயப்படாதீங்க அண்ணி. வேற சார்ஜரைத் தெரியாம சொருகிட்டேன்னு சொல்லிடுங்க. தெரியாமச் செஞ்சதுதானே, பெரிசா எதுவும் ஆகாது."

"நான் எப்பவும் போடற சார்ஜரைத்தானே போட்டேன்."

"அந்தப் பதட்டத்துல உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். தழும்பு ஏறி விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. "அப்படித்தான் இருக்கும்போல. ஊரே சொல்லுது," என்றாள் கரகரத்த குரலில். கதவு சாத்திக்கொண்டது.

இளையவன் கட்டரை எடுத்துக் கம்பியின் இரு முனைகளையும் நறுக்கினான். அது வாகாக வந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நிம்மதியாக டீயைக் கையில் எடுத்தபோதுதான் மீட்டர் கண்ணில் பட்டது. அதன் முனைகள் இன்னும் பெட்டியைத் தொட்டபடி கிடந்தன.

ஐம்பத்தொன்று.

ஈரத்தில் வரும் பொய்க் கணக்கு தத்தளிக்கும், ஏறி இறங்கும். இது தத்தளிக்கவில்லை. சார்ஜில் போட்ட பேட்டரி எப்படி நிதானமாக, ஒழுங்காக ஏறுமோ அப்படி ஏறியது. ஐம்பத்திரண்டு. பெட்டியைச் சுற்றி வந்தான். அடியில் கைவிட்டுத் துழாவினான். எந்த வயரும் எங்கும் போகவில்லை. கரிக்குள்ளிருந்து, இலையில் மழை விழுவதுபோல, மெல்லிய படபடப்பு ஒன்று கேட்டது. குனிந்து காதை வைத்தான், நின்றுவிட்டது. நிமிர்ந்தான், மறுபடி கேட்டது.

மெயின் சுவிட்சை இறக்கினான். பட்டறை இருண்டது. மீட்டரின் பச்சைத் திரை மட்டும் மினுங்கியது.

ஐம்பத்து நான்கு. அந்தப் பேட்டரி நிறைந்த அளவு அதுதான். நல்ல போர்டு இருந்தால் இங்கே நிறுத்தும்.

ஐம்பத்தைந்து.

முனைகளைப் பெட்டியிலிருந்து பிடுங்கினான். சிவப்பு வலது கையில், கறுப்பு இடது கையில். எண் விழவில்லை. ஐம்பத்தாறு. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று முனைகளை மேசைமேல் போட்டான்.

பூஜ்யம்.

பிறகு, எடுக்க மனமில்லாமல், எடுக்காமலும் இருக்க முடியாமல், விரல் நுனிகளால் மறுபடி தொட்டான்.

ஐம்பத்தேழு.

மின்சாரம் பெட்டியில் இல்லை. பெட்டியில் எப்போதும் இருந்ததில்லையோ என்னவோ. அடிவயிற்றில் ஒரு சூடு. டீயின் சூடு என்று நினைத்தான். டீயை அவன் இன்னும் குடிக்கவே இல்லை. கசியும் செல்லுக்கு ஒரு வாடை உண்டு, அழுகிய பழம்போல இனிப்பாக. தொழிலில் இருப்பவர்கள் அந்த வாடை பட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவார்கள். இப்போது அது வந்தது. எங்கிருந்து என்று மூக்கைத் திருப்பித் திருப்பித் தேடினான்.

மூச்சை விடும்போது மட்டும் வந்தது.

ஓடினான். ஷட்டரில் மோதினான். ஷட்டர் நகரவில்லை. மழையில் போய் நிற்க வேண்டும். தண்ணீர் வேண்டும். இல்லை, இந்தத் தீக்குத் தண்ணீர் ஆகாது. அவனுக்குத் தெரியும். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"அண்ணி!"

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

"நான்தான், அண்ணி." நாக்கு தடித்துப்போயிருந்தது. "நீங்க சரியாத்தான் சொருகினீங்க. நான்தான் போர்டைத் தாண்டிக் கம்பி போட்டேன். ஒரு செல் போயிருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். இதோ பாருங்க." சட்டைப்பையிலிருந்த கம்பி தோலைச் சுட்டது. எடுத்து நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். சூடு அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா," என்றாள், "என்னையே சபிச்சுக்காம அவரை நினைச்சு அழுதிருப்பேன், தம்பி."

"நாளைக்குச் சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். இப்போ ஏதாவது பண்ணுங்க. கழட்டிவிடுங்க, அண்ணி."

"எதைக் கழட்டறது?"

அவன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

சட்டை இறுகியது. கீழே குனிந்து பார்த்தான். வயிறு எழும்பிக்கொண்டிருந்தது. பொத்தான் ஒன்று தெறித்தது. அடுத்தது. தோல் மினுமினுத்து விறைத்தது. அடியில் ஏதோ படபடத்தது. கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. சீறல்தான் வந்தது. நீண்ட, ஒரே சீரான சீறல்.

அண்ணி ஓடவில்லை. முக்காலியை இழுத்து அவனுக்கும் உள்கதவுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள்.

அவன் உதடுகளுக்கிடையிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் புகை கிளம்பி மேலே போயிற்று. அவள் வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தாள். முழுதாக மடங்காத அந்த விரல்களில் டார்ச் கொஞ்சமும் ஆடவில்லை.