எலியா மறுபடியும் தூங்கினார்

வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால், எல்லோரும் பொடிசு என்று கூப்பிடும் சிறுமியின் வீட்டு முன்னறை கொட்டாவிகளால் நிறைந்துவிடும்.

அன்றுதான் அங்கே வேதபாடக் குழு கூடும். குழு என்றால் பெரிய கூட்டமில்லை. நாள் முழுக்கச் சலவைக்கடையில் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வரும் அம்மா. பேருந்து ஓட்டும் டிரைவர் மாமா. பாடத்தை நடத்துபவர் அவர்தான். சட்டையில் சிமெண்ட் தூசியோடு வரும் கொத்தனார் மாமா. அப்புறம் நர்ஸ் அத்தை. அத்தைக்கு இரவெல்லாம் மருத்துவமனையில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று எலியா தீர்க்கதரிசியின் கதை. எதிரிகளுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிய எலியா, களைத்துப்போய் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் ஆண்டவரே" என்கிறார்.

"இந்தச் செடிக்கு ஆழமான அர்த்தம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் டிரைவர் மாமா.

"நிழல்தான் அர்த்தம். வெயில்ல நின்னு பார்த்தா தெரியும்" என்றார் கொத்தனார் மாமா.

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது.

அடுத்து நர்ஸ் அத்தை வாசிக்கும் முறை. எலியா படுத்துத் தூங்கினார் என்ற இடம்வரை வாசித்தார். அதோடு குரல் நின்றது. தலை மெல்லச் சாய்ந்தது. மடியிலிருந்த வேதாகமம் தொப்பென்று தரையில் விழுந்தது.

"எலியா தூங்கினதைப் படிச்சுட்டு நீங்களும் தூங்கிட்டீங்களே, சிஸ்டர்!" என்று சிரித்தார் கொத்தனார் மாமா.

அத்தை சிரிக்கவில்லை. குனிந்து புத்தகத்தை எடுத்துத் துடைத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"போன வாரமும் இப்படித்தான் ஆச்சு. ஆண்டவர் வார்த்தையைக் கையில வச்சுக்கிட்டே தூங்குறேன். எனக்கே வெட்கமா இருக்குண்ணே. இனிமே நான் வரல."

கொத்தனார் மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், சிஸ்டர்..."

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலை நோக்கி நடந்தார்.

பொடிசுக்கும் அன்று நாள் சரியில்லை. மத்தியானம் கணக்கு வகுப்பில் கண்ணயர்ந்து, டீச்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். எலியாவுக்கும் அதே கதிதானா? அடுத்த வரிகளில் ஒரு தேவதூதர் வந்து எலியாவை எழுப்புகிறார். அங்கே விரலை ஓட்டித் தேடினாள்.

"மாமா, தேவதூதர் எங்க திட்டுறாரு? எனக்கு அந்த இடம் கிடைக்கலையே."

டிரைவர் மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "திட்டலைம்மா. தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்றாரு. பக்கத்துல சுட்ட ரொட்டியும் தண்ணியும் இருக்கு."

"சாப்பிட்டதும் கிளம்பிட்டாரா?"

கொத்தனார் மாமா எட்டிப் பார்த்தார். "இல்ல. மறுபடியும் படுத்துக்கிட்டாராம்!"

"அப்பவாவது திட்டு விழுந்துச்சா?"

"அப்பவும் இல்ல. தூதர் திரும்பவும் வந்து எழுப்பி, 'சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் ரொம்ப'ன்னு சொல்றாரு." டிரைவர் மாமா அந்த வரியிலேயே நின்றுவிட்டார். "எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். இவர் மறுபடியும் தூங்கினதை நான் கவனிச்சதே இல்லையே!"

"அவ்வளவு நேரமும் தூதர் என்ன செஞ்சிருப்பாரு?" என்று கேட்டாள் அம்மா.

கொத்தனார் மாமா தாடையைத் தடவினார். "தூங்கட்டும்னு விட்டிருப்பாரு. வேற என்ன?"

கைப்பையோடு வாசல்வரை போன அத்தை, அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பொடிசு உள்ளே ஓடினாள். ஒரு தட்டில் ரொட்டி, ஒரு டம்ளரில் தண்ணீர், அக்குளில் தன் தலையணை என்று திரும்பி வந்தாள்.

"எதுக்குக் கண்ணு இதெல்லாம்?"

"சாப்பிடுங்க அத்தை. நீங்க ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும்ல."

அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரொட்டியைச் சாப்பிட்டார். பெஞ்சில் கால் நீட்டிப் படுத்தார். தலை சாய்ந்ததுதான் தெரியும்.

மற்றவர்கள் குரலைத் தாழ்த்தி மீதியை வாசித்தார்கள். அத்தை வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்ததும் பொடிசு அவர் தோளை மெல்லத் தொட்டாள்.

"அடுத்த வாரம் வருவீங்களா, அத்தை?"

அத்தை கலைந்த தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "தலையணை எடுத்து வைப்பியா?"

"ரெண்டு எடுத்து வைக்கிறேன்" என்றாள் பொடிசு. சுவரில் சாய்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு, கொத்தனார் மாமா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.