மூன்று டப்பா புகை

மருமகள் காலை ஐந்தரைக்கு எழுந்தாள். பால் காய்ச்சினாள். மாமியாரின் மாத்திரையைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். லாரியோடு வெளியூர் போயிருந்த கணவனிடம் போனில் நாலு வார்த்தை பேசினாள். அடுப்பில் பருப்பை ஏற்றினாள். குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ் இடுக்கில் ஈரத் துண்டு திணித்திருந்தது. உள்ளே பாம்பு சீறுவது போல ஒரு சத்தம்.

மாமியார் கூடத்தில் நின்று, பெரிய காரியம் முடித்தவள் போலக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை அது?"

"மூட்டைப்பூச்சிக்குப் புகை. மூணு டப்பா! சாயந்திரம் என் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. உன் பெட்டியோட வந்த பூச்சி என் பேரனைக் கடிக்கணுமா?"

பூச்சி வந்தது மருமகள் கல்யாணமாகி வந்தபோது கொண்டு வந்த பெட்டியில்தான் என்பது அந்த வீட்டில் இரண்டு வருடமாக நிலைத்துவிட்ட தீர்ப்பு. அவளும் எதிர்த்து வழக்காடியதில்லை. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. பொடி எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் விடமாட்டாள். தரையில் கிடந்த டப்பா உறையை எடுத்தாள்.

ஓர் அறைக்கு ஒன்று போதும். அருகில் தீ இருக்கக் கூடாது.

ஓடினாள். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். அடுப்பை அணைத்தாள். சிலிண்டரை மூடினாள். மாமியாரின் கையைப் பிடித்து வாசல்படிக்கு இழுத்து வந்தாள்.

"என்னடி, என்னையே வெளிய தள்றே?"

"அத்தை... குழந்தைத் துணியெல்லாம் எங்க?"

"கட்டில் மேலதான் அடுக்கியிருக்கேன். அதுல பூச்சி இருந்தாலும் சாகட்டும்னுதான்..."

மாமியார் பாதியில் நின்றாள். அவளே நாலு மாதம் உட்கார்ந்து கையால் தைத்த ஏழு குட்டிப் போர்வைகள்.

"ஐயோ... நானே விஷத்தைத் தெளிச்சிட்டேனாடி? மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா வந்த வண்டியை அப்படியே திருப்பிடுவாரு. அவங்க வீட்ல மூணு மாசமாக் கெஞ்சி, இப்பத்தானே அனுப்பறாங்க..."

மருமகள் போனை எடுத்தாள். கடை முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி லீவு கேட்டாள். "புகை போட்டது பூச்சிக்கா, மாமியாருக்கா?" என்று முதலாளி சிரித்தார். போனை வைத்துவிட்டாள்.

உறையில் போட்டிருந்தபடி இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். பிறகு முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கில் துணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு வெளியே வந்தாள். அந்த நெடி போகும்வரை மறுபடி காத்திருந்தாள்.

துடைக்கத் தொடங்கியபோது கோபம்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்ச் சந்தேகங்கள் வந்தன. இவ்வளவு புகையும் எங்கே போயிருக்கும்? கண்ணாடியில் விரலை இழுத்தாள். எண்ணெய் தடவியது போலக் கோடு விழுந்தது. அலமாரித் தலையில் பிசுக்கு. சுவிட்சுப் பலகையில் பிசுக்கு. மூடியிருந்த இழுப்பறைக்குள் ஒன்றுமில்லை. கட்டிலுக்கு அடியில் பாதிதான். ஆக, மேலே ஏறி, மழை மாதிரி இறங்கியிருக்கிறது. மூடிக்கொண்டதை விட்டுவிட்டது.

மேலிருந்து கீழாகச் சோப்புத் தண்ணீரில் துடைத்தாள். செத்த கரப்பான்களை ஈரத்துணியால் வழித்தெடுத்தாள். ஆறு வாளி தண்ணீர் மாற்றினாள். மெத்தை மாடிக்குப் போனது. திரை, விரிப்பு, உறை எல்லாம் ஒரு தொட்டியில். ஏழு போர்வையும் தனியாக இன்னொன்றில்.

நாலு மணிக்குக் கார் வந்தது. நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அறைக்கு நடந்தாள்.

"உள்ள வராதே!"

மருமகளின் அந்தக் குரல்தான் வரவேற்பாக அமைந்துவிட்டது.

"வான்னு ஒரு வார்த்தை இல்ல... வராதேன்னா சொல்றீங்க அண்ணி?"

"பூச்சி மருந்து போட்டிருக்கு. கொஞ்ச நாள் கூடத்துல படுத்துக்கலாம். ஜன்னல் பக்கம் இடம் பண்ணிட்டேன்."

நாத்தனார் தொட்டியைப் பார்த்தாள். நுரையிலிருந்து ஒரு போர்வையைத் தூக்கினாள். "இது அம்மா தெச்சதாச்சே! இது மேலயும் மருந்தா? நான் வர்ற அன்னைக்கேவா! யார் போட்டது?"

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். பையை இறக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான்," என்றாள் மருமகள்.

"உங்களுக்குக் குழந்தை இல்லங்கறதுக்காக... என் குழந்தை துணி மேலயா அண்ணி!"

நாத்தனார் அம்மா பக்கம் திரும்பினாள்.

"இவங்க இருக்கற வீட்ல நான் இருக்கமாட்டேன்மா. வண்டியை எடுங்க!"

மருமகள் கையுறையைக் கழற்றினாள். பீரோவிலிருந்து இரண்டு புடவையை எடுத்துப் பையில் வைத்தாள்.

"நீ போகவேண்டாம். நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீ ஆசையா வந்திருக்கே, இரு. அந்தத் துணியை மட்டும் இன்னும் ரெண்டு தடவை அலசு. ஜன்னலைச் சாத்திடாதே."

செருப்பைத் தேடிக் குனிந்தாள்.

"நில்லுடி!" மாமியார் ஓடி வந்து பையைப் பிடுங்கினாள். "போட்டது நான்! மூணு டப்பா... ஒண்ணு பத்தாதுன்னு நெனச்ச முட்டாள் நான்! அவ குளிச்சிட்டிருந்தா. வந்து அடுப்பை அணைச்சவ அவ. இல்லேன்னா இன்னைக்கு நீ பிள்ளையைக் காட்ட வந்திருக்க மாட்டே... எங்களுக்கு அழ வந்திருப்பே! மாப்பிள்ளை, திட்டணும்னா என்னைத் திட்டுங்க... அவ காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல..."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் பிரிட்ஜ் மெக்கானிக். எதையும் திறந்து பார்த்த பிறகே பேசுகிற மனிதர்.

"மூணா? இந்த ரூமுக்கா?" டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "தங்கச்சி, கட்டிலைக் கழட்டினியா?"

"இல்லண்ணா."

காரிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தார். தலைமாட்டுச் சட்டம் கழன்றது. பொருத்து இடுக்கில் மூட்டைப்பூச்சிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. ஒன்று சாவகாசமாக வெளியே நடந்து வந்தது.

"பாருங்க! வீடெல்லாம் விஷம். இவரு மட்டும் சௌக்கியம்!" டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "இதென்ன, பெயின்ட்ல நம்பர்? ரூம் பதினாலு... அத்தை, இது லாட்ஜ் கட்டிலா?"

மாமியாரின் குரல் இறங்கியது. "இவ கல்யாணத்துக்கு... பழசுதான், நல்லாருக்குன்னு... நான்தான் வாங்கினேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வெடித்தது. "ரெண்டு வருஷமா அண்ணி பெட்டியைச் சொன்னியேம்மா!" சிரிப்பு நின்றது. குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "அந்த வார்த்தையை நான்... என் நாக்கு அழுகணும் அண்ணி..."

"சொன்னது சொன்னதுதான்," என்றாள் மருமகள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. நாத்தனாரின் கையை விலக்கவில்லை. "முதல்ல போய்க் கையைக் கழுவு. மருந்துத் துணியைத் தொட்டிருக்கே."

அன்று வண்டி திரும்பவில்லை. மாப்பிள்ளையும் தங்கினார். கட்டில் சட்டங்களை மாடியில் போட்டு, பொருத்துகளில் கொதிநீர் ஊற்றினார்கள். நாலு பேரும் ஒரு குழந்தையும் கூடத்தில் படுத்தார்கள். மருமகள் தினமும் துடைத்தாள். தினமும் கண்ணாடியில் விரலை இழுத்துப் பார்த்தாள். நாத்தனார் ஒருமுறைகூட, "எப்போ உள்ள போகலாம்?" என்று கேட்கவில்லை. "அண்ணி சொல்லட்டும்," என்றாள்.

மாமியார் மட்டும் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. வாளியை நிலைப்படி வரை கொண்டு வருவாள். வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

நாலாம் நாள் காலையில் விரலுக்குக் கோடு விழவில்லை. பிசுக்கு இல்லை, நெடி இல்லை. மாப்பிள்ளை மறுபடி பூட்டித் தந்த கட்டிலில் காய்ந்த மெத்தையை இறக்கி, புது விரிப்பு போட்டு, அதன்மேல் ஏழு போர்வையில் ஒன்றை மடித்து வைத்தாள். திரும்பினாள். நிலைப்படிக்கு வெளியே மாமியார் நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"நான்... உள்ள வரலாமாடி?"

மருமகள் கதவை முழுவதும் திறந்துவிட்டாள்.

"இது என்ன கேள்வி அத்தை... பேரனைத் தூக்கிட்டு நீங்கதானே முதல்ல வரணும்."